விமான எஞ்சின் புகையை எப்படி அளக்கிறார்கள்? அளந்த எண் வானத்தைப் பற்றி என்ன சொல்கிறது?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. விமான எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுக்களை எப்படி அளக்கிறார்கள், பறக்கும்போதே அளக்க முடியுமா என்பது ஒன்று. ஓர் எஞ்சின் சர்வதேச வரம்புக்குள் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிவிட்டால், அதனால் வளிமண்டலத்துக்குப் பெரிய கெடுதல் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா என்பது மற்றொன்று.

இரண்டாவதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சான்றிதழ் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றை மனதில் வைத்து எழுதப்பட்டது. நெடுந்தூரம் போகும் விமானம் தன் எரிபொருளில் பெரும்பகுதியை எரிப்பதோ பத்து கிலோமீட்டர் உயரத்தில். எஞ்சின் சோதனைக் கூடத்தில் வாயு அளக்கும் குழுவில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த அளவைகளை நான் மதிக்கிறேன். அவை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்ன வெளியே வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு கிலோ ஜெட் எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடும் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நீராவியும் வரும். ஒரு கிலோவிலிருந்து நாலு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் சேர்ந்துகொள்வதால்தான். எரிபொருளில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரிந்தால் இந்த இரண்டு எண்ணையும் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். பழைய எஞ்சினோ புதிய எஞ்சினோ, எண் மாறாது.

எஞ்சினுக்கு எஞ்சின் மாறுவது மிச்சமிருக்கும் சில கிராம்கள். நைட்ரஜன் ஆக்சைடுகள் (எங்கள் பேச்சில் நாக்ஸ்) ஒரு கிலோ எரிபொருளுக்குப் பொதுவாக 10 முதல் 15 கிராம். கந்தக டை ஆக்சைடு ஒரு கிராம் அளவில். எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன், பாதி எரிந்த கார்பன் மோனாக்சைடு. அப்புறம் புகைக்கரி. எடையில் பார்த்தால் இந்தக் கரி ஒரு கிராமில் நூறில் சில பங்குதான். எண்ணிக்கையில் பார்த்தால் கதை வேறு. ஒரு கிலோ எரிபொருளுக்கு ஒரு கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அளவு துகள்கள், பல எஞ்சின்களில் அதைப் போலப் பத்து மடங்கு. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே போனதும் இதுதான் பெரிதாகப் பேசப்போகிறது.

இந்தக் கிராம்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எஞ்சின் குறைந்த விசையில் தரையில் ஓடும்போது எரிப்பறை அவ்வளவு சூடாக இருக்காது, அழுத்தமும் குறைவு. எரிதல் முழுமையடையாமல் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் ஏறும். முழு விசையில் அவை இரண்டும் ஏறக்குறைய மறைந்துவிடும், ஆனால் நாக்ஸ் எகிறும். காற்றில் இருக்கும் நைட்ரஜன் சாதாரணமாக எதனோடும் சேராது. சுடரின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அதுவும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். எரிபொருளைச் சேமிக்க வேண்டுமானால் கம்ப்ரஸர் காற்றை இன்னும் அழுத்த வேண்டும், அழுத்தினால் சூடு கூடும், சூடு கூடினால் நாக்ஸ் கூடும். கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கப் போய் நாக்ஸைக் கூட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எரிப்பறை வடிவமைப்பவர்களின் நாற்பது ஆண்டுப் போராட்டம்.

சரி, அளவைக்கு வருவோம். சோதனைக் கூடத்தில் எஞ்சினை ஒரு தாங்கியில் மாட்டி ஓட்டுவார்கள். அதன் பின்வாயில், சூடான வாயு வெளியேறும் இடத்தில், துளைகள் உள்ள உலோகக் குழல்களை நிறுத்தி மாதிரி எடுப்போம். ஒரே புள்ளியில் எடுத்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் எரிபொருளைத் தெளிக்கும் முனைகளுக்கு நேர் பின்னால் ஒரு செறிவு, இடைவெளிகளில் வேறு செறிவு. அதனால் வட்டம் முழுக்கப் பல புள்ளிகளில் எடுத்துச் சேர்ப்போம். அந்த வாயு கருவிகள் இருக்கும் அறைவரை ஒரு நீண்ட குழாயில் போக வேண்டும். குழாயைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி, வெப்பம் சுமார் 160 டிகிரி. குழாய் ஆறிவிட்டால் நீராவி சுவரில் துளியாகப் படியும், கனமான ஹைட்ரோகார்பன்கள் ஒட்டிக்கொள்ளும், கருவிக்குப் போவதற்குள் பாதி காணாமல் போயிருக்கும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பெரிய எஞ்சின் ஒன்று நொடிக்கு ஒரு டன் காற்றை உள்ளே இழுக்கிறது. அதில் சில லிட்டரை உறிஞ்சிப் பார்த்து மொத்தம் எவ்வளவு நாக்ஸ் என்று எப்படிச் சொல்ல முடியும்? போகிற வழியில் வெளிக்காற்று கலந்திருந்தால்?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதற்கான விடைதான். மாசின் செறிவைத் தனியாகப் பார்க்க வேண்டாம், கூடவே இருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எரிபொருளில் இருந்த கார்பன் எங்கும் ஓடிப்போகாது, கிட்டத்தட்ட முழுதும் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வந்தாக வேண்டும். ஆகவே அது எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்பதற்கான சாட்சி. ஓர் உதாரணம்: மாதிரியில் வெளிக்காற்றைவிட அதிகமாக இருக்கும் ஒவ்வொரு ஆயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கும் நாலு நாக்ஸ் மூலக்கூறு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாக்ஸை நைட்ரஜன் டை ஆக்சைடின் எடையில் கணக்கிடுவது வழக்கம். 1000-க்கு 4, அதை 46-ஆல் பெருக்கி 44-ஆல் வகுத்து, 3160 கிராமால் பெருக்கினால் ஒரு கிலோ எரிபொருளுக்குச் சுமார் 13 கிராம் நாக்ஸ் என்று வரும். எஞ்சின் வாயில் கார்பன் டை ஆக்சைடு சில சதவீதம் இருக்கும்போது எடுத்தாலும் இதே விகிதம்தான். வெளிக்காற்றில் ஆயிரம் மடங்கு கரைந்தபின் எடுத்தாலும், இரண்டும் சேர்ந்தே கரைந்திருப்பதால், இதே விகிதம்தான். பறக்கும் விமானத்தின் பின்னால் போய் அளப்பது சாத்தியமாவதே இந்த ஒரு காரணத்தால்தான்.

கருவிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடும் மோனாக்சைடும் அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்த்து அளக்கப்படும். ஹைட்ரோகார்பனை ஒரு சின்ன ஹைட்ரஜன் சுடருக்குள் விட்டால் அயனிகள் உண்டாகும், அந்த மின்னோட்டத்தை அளப்பார்கள். நாக்ஸ் அளக்கும் முறை கொஞ்சம் அழகானது. மாதிரியோடு ஓசோனைக் கலந்தால் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு வினைபுரிந்து மங்கலாக ஒளிவிடும். இருட்டறைக்குள் அந்த ஒளியை எண்ணினால் செறிவு கிடைத்துவிடும். வானத்தில் ஓசோனோடு விளையாடுகிற அதே வினையை வைத்தே அதைப் பிடிக்கிறோம்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். காலையிலிருந்து ஓட்டிய எஞ்சினில் எல்லா எண்களும் நன்றாகக் குறைந்து வந்தன. புதிய எரிபொருள் முனை வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் நாங்கள் எப்போதும் ஒரு குறுக்குக் கணக்குப் போடுவோம். வாயு மாதிரியில் உள்ள மொத்தக் கார்பனை வைத்து எஞ்சினின் காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தைக் கண்டுபிடித்து, எஞ்சினின் சொந்த ஓட்ட அளவிகள் சொல்லும் விகிதத்தோடு ஒப்பிடுவோம். குறைந்த விசையில் 15 சதவீதத்துக்குள்ளும் மற்ற நிலைகளில் 10 சதவீதத்துக்குள்ளும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. அன்று ஒத்துப்போகவில்லை. குழாயின் ஓர் இணைப்பில் மறை தளர்ந்து, அறைக் காற்று மாதிரியோடு சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. விகிதக் கணக்கில் நாக்ஸ் பெரிதாக மாறியிருக்கவில்லை, செறிவைத் தனியாகப் பார்த்தவர்கள்தான் ஏமாந்தோம். மறையை இறுக்கிவிட்டு ஓட்டியதும் மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. கார்பன் டை ஆக்சைடு எண் கூடவே இல்லாமல் யாராவது மாசு எண் காட்டினால் இன்றுவரை நான் நம்புவதில்லை.

கரித்துகள் அளப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். பழைய முறை எளிமையானது. ஒரு வெள்ளை வடிதாள் வழியே குறிப்பிட்ட எடை வாயுவைச் செலுத்தி, தாள் எவ்வளவு கறுத்தது என்று ஒளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். அதுதான் புகை எண். கறுப்புப் புகை கக்கிய 1960-களின் எஞ்சின்களுக்கு அது போதுமாக இருந்தது. இன்றைய எஞ்சினில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் சுத்தமாக இருப்பதுபோலத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத, ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு அளவுள்ள துகள்களைத் தாளின் கறுப்பு காட்டாது.

அதனால் நேரடியாக எடையையும் எண்ணிக்கையையும் அளக்கும் முறைக்கு மாறினார்கள். மாதிரியை நைட்ரஜனால் நீர்க்கச் செய்து, 25 மீட்டர் நீளச் சூடான குழாயில் கொண்டுபோய், எளிதில் ஆவியாகும் பொருள்களைச் சூட்டில் விரட்டிவிட்டு, மிஞ்சும் துகள்கள் மேல் ஆவியைப் படியவைத்து ஊதிப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். இதில் ஒரு சங்கடம்: மிகச் சிறிய துகள்கள் அலைந்து திரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வாயில் புறப்பட்டதில் பெரும்பகுதி கருவிக்கு வந்துசேராமல் போகலாம். அந்த இழப்பைத் துகளின் அளவைப் பொறுத்துக் கணக்கிட்டுத் திரும்பக் கூட்ட வேண்டியிருக்கிறது. எண்ணும் எடையும் சேர்ந்த வரம்புகள் 2019-இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 2023 முதல் புதிய வகை எஞ்சின்களுக்கு நடைமுறைக்கு வந்தன.

இந்த வரம்புகளை வகுப்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. 1981-இல் ஏற்கப்பட்ட அதன் விதித்தொகுதிதான் உலகம் முழுக்க அடிப்படை. அது கற்பனை செய்வது ஒரு குறிப்பிட்ட பயணத்தை: முழு விசையில் 0.7 நிமிடம் புறப்பாடு, 85 சதவீத விசையில் 2.2 நிமிடம் ஏற்றம், 30 சதவீதத்தில் 4 நிமிடம் இறக்கம், 7 சதவீதத்தில் 26 நிமிடம் தரையில் ஊர்தல். மொத்தம் 33 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. உச்சி உயரம் 3000 அடி. இந்த நான்கு நிலைகளில் வெளியானதைக் கூட்டி, எஞ்சினின் உந்துவிசையால் வகுத்து, ஒரு கிலோ நியூட்டனுக்கு இத்தனை கிராம் என்று வரும் எண்ணைத்தான் வரம்போடு ஒப்பிடுகிறார்கள். உயரத்தில் மணிக்கணக்காகப் பறக்கும் நிலை இந்தக் கணக்கில் கிடையாது.

இது குறையா என்றால், அதன் நோக்கத்துக்குக் குறையில்லை. விமான நிலையத்தின் அருகே வாழ்பவர்களின் மூச்சுக்காக வகுத்த விதி அது, அங்கே அதற்கு முழு அர்த்தம் இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து காற்று வீசும் திசையில் 8 முதல் 10 கிலோமீட்டர் வரை நுண்துகள் எண்ணிக்கை நாலைந்து மடங்கும், 16 கிலோமீட்டர் வரை குறைந்தது இரு மடங்கும் உயர்ந்திருந்ததைக் காட்டியது. ஓடுபாதையின் வேலியோடு முடிந்துவிடும் பிரச்சினை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

உயரத்தில் என்ன வெளியாகிறது என்பதைத் தரை அளவையிலிருந்து ஊகிக்கச் சூத்திரங்கள் உண்டு. எரிபொருள் ஓட்டத்தை வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பத் திருத்தி, தரையில் அளந்த நாக்ஸ் வளைவில் வைத்துப் படிப்பார்கள். நாக்ஸுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. துகள்களுக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை. அதனால்தான் பின்னால் பறந்துபோய் அளக்க வேண்டியிருக்கிறது.

ஆம், பறக்கும்போது அளக்க முடியும், அளந்திருக்கிறார்கள். 1994 அக்டோபரில் நாசாவின் இஆர்-2 ஆய்வு விமானம் நியூசிலாந்து அருகே மீயொலிப் பயணிகள் விமானமான கான்கார்டின் வெளியேற்றத்தைக் குறுக்கே கடந்து அளந்தது. ஒரு கிலோ எரிபொருளுக்கு 23 கிராம் அளவில் நாக்ஸ். அது எதிர்பார்த்ததுதான். துகள் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்ததுதான் ஆச்சரியம். கான்கார்டை ஏன் துரத்தினார்கள் என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அது பறந்தது ஓசோன் படலம் இருக்கும் அடுக்குமண்டலத்தில். நைட்ரஜன் ஆக்சைடுகள் அங்கே ஓசோனைத் தின்னும் என்று 1970-இல் வேதியியல் அறிஞர் பால் குருட்ஸனும், மீயொலி விமானக் கூட்டம் ஒன்று அதையே செய்யும் என்று 1971-இல் ஹரால்ட் ஜான்ஸ்டனும் எச்சரித்தார்கள். விமானப் புகையை வளிமண்டலப் பிரச்சினையாக உலகம் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான்.

2013, 2014-இல் நாசா ஒரு பழைய டிசி-8 விமானத்தில் பாதிக்குப் பாதி தாவர எண்ணெய் எரிபொருள் கலந்து பறக்கவிட்டு, வேறு விமானங்களை அதன் எஞ்சினுக்கு 30 முதல் 150 மீட்டர் பின்னாலேயே ஓட்டியது. துகள் வெளியேற்றம் 50 முதல் 70 சதவீதம் குறைந்திருந்தது. அந்தத் தூரத்தில் பறப்பது என்றால் முன்னால் போகும் விமானத்தின் இறக்கை நுனிகளிலிருந்து சுருண்டுவரும் காற்றுச் சுழல்களுக்கு இடையே பிசகாமல் நிற்பது. அந்த விமானிகளின் திறமை இல்லாமல் இந்த எண்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைத்திருக்காது. 2021-இல் ஏ350 விமானம் முழுக்க மாற்று எரிபொருளில் பறக்க, ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஃபால்கன் ஆய்வு விமானம் அதைப் பின்தொடர்ந்தது. எரிபொருள் அளவுக்கு அளவு ஒப்பிட்டபோது, அது வானத்தில் விட்டுச்சென்ற வெள்ளைக்கோட்டில் இருந்த பனித்துகள்கள் வழக்கமான எரிபொருளைவிட 56 சதவீதம் குறைவு.

அந்த வெள்ளைக்கோடுதான் இந்தப் பதிலின் மையம். எஞ்சினின் சூடான ஈரக்காற்று, உறைபனிக்குக் கீழே 40 டிகிரி போலக் குளிர்ந்திருக்கும் வெளிக்காற்றோடு கலக்கும்போது, ஒரு கணம் ஈரம் தாங்க முடியாத அளவுக்கு ஏறுகிறது. நீர் எதிலாவது ஒட்டியாக வேண்டும். நாம் முன்பு எண்ணிய கரித்துகள்கள் அங்கே தயாராக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் நீர் படிந்து உடனே உறைகிறது. எந்த வெப்பத்தில் இது நடக்கும் என்று 1941-இல் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும் 1953-இல் ஹெர்பர்ட் ஆப்பிள்மனும் கணக்கிட்டுவிட்டார்கள், அந்த விதி இன்றும் செல்லும். சுற்றியுள்ள காற்று வறண்டிருந்தால் கோடு சில நிமிடத்தில் கரைந்துவிடும், கெடுதல் இல்லை. பனியை வளர்க்கும் அளவுக்கு ஈரமாக இருந்தால் கோடு அகலமாகி, மணிக்கணக்கில் நின்று, கீற்று மேகமாகவே மாறிவிடும். பகலில் அது சூரிய ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரவில் அந்த வேலை இல்லை, தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தை மறித்துப் போர்வையாக மட்டும் இருக்கும்.

எவ்வளவு பெரிய விளைவு? 2021-இல் வெளியான விரிவான மதிப்பீடு, 2018 வரையிலான விமானப் போக்குவரத்தின் மொத்த வெப்பத் தாக்கத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 101 மில்லிவாட் என்று கணித்தது. மனிதர்களால் வந்த மொத்தத் தாக்கத்தில் இது சுமார் மூன்றரை சதவீதம். இந்த 101 மில்லிவாட்டில் கார்பன் டை ஆக்சைடின் பங்கு 34 மில்லிவாட், நாக்ஸின் நிகரப் பங்கு 17.5, வெள்ளைக்கோடுகளும் அவற்றால் உண்டாகும் மேகங்களும் 57 (கந்தகத் துகள்கள் சற்றுக் குளிர்விப்பதால் இவற்றின் கூட்டல் மொத்தத்தைத் தாண்டும்). ஆனால் இந்த 57 உண்மையில் 17-லிருந்து 98-க்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதே மதிப்பீடு சொல்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு அந்த இடைவெளி 28 முதல் 40 தான். நன்றாகத் தெரிந்த எண் சிறியது, பெரிய எண் மங்கலானது.

நாக்ஸ் விஷயத்தில் இரண்டு எதிரெதிர் வேலைகள் நடக்கின்றன. அது பறக்கும் உயரத்தில் ஓசோனை உண்டாக்குகிறது, ஓசோன் அங்கே வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதே வேதியியல் மீத்தேனைச் சீக்கிரம் அழிக்கிறது, அது குளிர்விக்கும். ஓசோன் வாரங்களில் போய்விடும், மீத்தேன் மாற்றம் பத்தாண்டுக் கணக்கில் நீளும். கூட்டிக் கழித்தால் சூடுதான் மிஞ்சுகிறது. ஆகவே ஒரு கிராம் நாக்ஸுக்கு இத்தனை கெடுதல் என்று ஒரே எண் சொல்ல முடியாது, எந்த உயரம், எந்த அட்சரேகை, எந்தப் பருவம் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும்.

ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கோடுகள் சில மணிநேரம் வாழ்பவை. இன்று வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் இருக்கும். கோட்டைத் தவிர்க்க வழியை மாற்றிக் கூடுதல் எரிபொருள் எரிப்பதில் எனக்குள்ள தயக்கம் இதனால்தான். ஆனாலும் ஜப்பானிய வான்வெளியை வைத்து 2020-இல் வந்த ஆய்வு என் தயக்கத்தைக் கணிசமாகக் குறைத்தது. கோடுகளின் வெப்பத் தாக்கத்தில் 80 சதவீதம் வெறும் 2.2 சதவீத விமானங்களால் வந்தது என்று அது கண்டது. எல்லோரும் வழியை மாற்ற வேண்டியதில்லை, சிலர் சில ஆயிரம் அடி ஏறியோ இறங்கியோ பறந்தால் போதும். 2023-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் 70 பயணங்களில் முயன்று பார்த்ததில் கோடுகள் 54 சதவீதம் குறைந்தன.

அந்தச் சில விமானங்கள் எவை என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் அல்லவா? அங்கேதான் இடிக்கிறது. ஈரமான அடுக்குகள் பக்கவாட்டில் நூறு கிலோமீட்டர் பரந்திருந்தாலும் உயரத்தில் சில நூறு மீட்டர்தான். பத்து கிலோமீட்டர் உயரத்துக் குளிரில், தரையோடு ஒப்பிட்டால் மிகமிகக் கொஞ்சமாக இருக்கும் நீராவியைத் துல்லியமாக அளப்பது கடினம், வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளும் அங்கே தடுமாறுகின்றன. 1994 முதல் ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்று சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஓசோன், ஈரப்பத அளவிகளைப் பொருத்திப் பறக்கவிடுகிறது. நம் கையில் இருக்கும் நல்ல தரவில் பெரும்பகுதி அதிலிருந்து வந்தது, ஆனால் அந்தக் கருவிகளைச் சுமப்பவை மிகச் சில விமானங்களே. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் கார்பன் டை ஆக்சைடு அல்லாத விளைவுகளையும் விமான நிறுவனங்கள் கண்காணித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கிறது. அந்தக் கணக்கின் தரம் பெரிதும் ஈரப்பத எண்ணைப் பொறுத்தது.

எஞ்சின் வாயில் குழல் நிறுத்தி அளந்தே பாதி வாழ்நாளைக் கழித்தவன் நான். இன்று கூடுதலாக ஒரு கருவி வாங்கப் பணம் கொடுத்தால் அதை எஞ்சினுக்குப் பின்னால் வைக்கச் சொல்ல மாட்டேன், விமானத்தின் மூக்கில் ஓர் ஈரப்பத அளவியாக வைக்கச் சொல்வேன். வெளியேறும் புகையை ஓரளவு நன்றாகவே அளந்துவிட்டோம். அது போய்ச் சேரும் காற்றைத்தான் இன்னும் சரியாக அளக்கவில்லை.